போதலேரும் புளியமரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் 'பயணத்துக்கு அழைப்பு' கவிதை பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதற்குத் தென்னைமரக் கடற்கரைப் படம் எதற்கு? அந்தக் கவிதையில் இருப்பவை கால்வாய்கள், அவற்றில் தூங்கும் கப்பல்கள், மூட்டமான வானத்தில் ஈரச் சூரியன். ஹாலந்தை நினைத்து எழுதியது என்றே பலரும் படிக்கிறார்கள்.

எங்கள் மொரீஷியஸ் தீவுதான் வேண்டும் என்றால் வேறு கவிதைகள் உண்டு. 1841இல், இருபது வயதில், வீட்டார் அவரைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். செப்டம்பரில் மொரீஷியசில் இறங்கினார், அப்புறம் பக்கத்துத் தீவான ரியூனியன் போனார், அங்கிருந்தே ஊர் திரும்பிவிட்டார். திரும்பிப் போனபின் 'தீமையின் மலர்கள்' தொகுப்பில் ஒரு தீவு வருகிறது. பச்சைப் புளியமரங்களின் வாசம் வீசும் 'சோம்பல் தீவு'. விடியுமுன் அரிவாளோடு கரும்பு வெட்டக் கிளம்பிய என் அப்பா காதில் அந்தச் சொல் விழாதது நல்லது. புளியமரத்தடியில் படுத்தால் பேய் பிடிக்கும் என்பார் அம்மா. போதலேரைப் பிடித்தது அதுதானோ என்னவோ!

கட்டுரையாளர் விட்டது, 'ஒரு மலபார்ப் பெண்ணுக்கு' என்ற கவிதையை. அந்தக் காலப் பிரெஞ்சுக்காரர் வாயில் தமிழரும் மலபார்தான். ரியூனியனில் இன்றும் 'மல்பார்' என்கிறார்கள். எசமானின் சுங்கானைப் பற்றவைப்பது, குப்பிகளில் குளிர்ந்த நீர் நிரப்புவது, கட்டிலைச் சுற்றும் கொசுவை விரட்டுவது, விடிந்ததும் பசாருக்குப் போய் அன்னாசியும் வாழைப்பழமும் வாங்குவது, இவை அவள் வேலைகள். அவளைப் பார்த்து 'பாக்கியசாலிக் குழந்தையே' என்கிறார் கவிஞர்! உன் பிரியமான புளியமரங்களை விட்டுவிட்டு எங்கள் பிரான்சைப் பார்க்க ஏன் ஆசைப்படுகிறாய் என்றும் கேட்கிறார். அங்கே போனால் மெல்லிய மஸ்லினில் பனியில் நடுங்குவாயாம், அழுக்கு மூட்டத்துக்குள் இல்லாத தென்னைகளின் ஆவிகளைத் தேடுவாயாம்.

அந்தக் கடைசி வரிக்காக மற்றதையெல்லாம் மன்னிக்கலாமா என்று, வகுப்பில் அதை நடத்திய வருடங்களில் பலமுறை யோசித்திருக்கிறேன். பாதி மன்னித்தேன். எங்கள் பிள்ளைகள் அந்தப் பெண்ணைத் தாண்டி அடுத்த பக்கம் போகவே மாட்டார்கள். "மிஸ், அவள் போனாளா?" என்று ஒருத்தி கேட்டாள். கவிதையில் பதில் இல்லை.

என் பையன் போனான். பாரிசில் இருக்கிறான். அங்கே லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளில் புளி தாராளமாகக் கிடைக்கிறதாம். பச்சைப் புளியங்காய்க்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்