நாக்குக்கு வேறு வேலைகளும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்களுக்காக நாக்கால் இயக்கும் கருவிகளைச் செய்ய முனையும் மாணவர்கள், உழைப்பில் பெரும்பகுதியை சென்சாரிலேயே செலவிடுகிறார்கள். நாக்கு அசைவதைக் கண்டறிவது எளிது. எது கட்டளை, எது வெறுமனே எச்சில் விழுங்குவது என்று பிரித்தறிவதுதான் கடினம். வடிவமைப்பை அங்கிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நாக்கை அசைக்கும் பன்னிரண்டாம் மூளை நரம்பு, மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து நேரே வருகிறது. அதனால் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டாலும் நாக்கு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயில் நாக்கே தளரக்கூடும். அந்த நோயாளிகளுக்குக் கண்ணசைவுக் கருவியே மேல்.

அண்ணத்தில் பொருத்தும் பிளேட்டில் தொடு பட்டன்கள் வைப்பது ஒரு வழி. பல் மருத்துவர் எடுத்த அச்சின் மேல்தான் பிளேட்டை வார்க்க வேண்டும். கனம் கூடினால் பேச்சு குழறும். பட்டனைப் பல்லுக்குப் பின்னாலேயே வைத்தால் 'த', 'ல' சொல்லும்போதெல்லாம் நாக்கு அதில் படும். சற்று உள்ளே தள்ளினால் 'ட', 'ள' வந்து மோதும். விழுங்கும்போது நாக்கு அண்ணத்தில் அகலமாக அப்பிக்கொள்ளும். ஆகவே பல பட்டன்கள் ஒருசேர அழுந்தினால் புறக்கணிக்கும்படி புரோகிராம் எழுதுங்கள். ஒரே பட்டன் அரை நொடி நீடித்தால் ஏற்கலாம். பழகப் பழக அந்த நேரத்தைக் குறைக்கலாம். பட்டன்கள் நெருங்கியிருந்தால் எச்சில் படலமே இரண்டையும் இணைத்துவிடும். சாப்பிடும் நேரத்தில் எந்தக் கட்டளையையும் ஏற்காதபடி கருவிக்குப் பூட்டு கட்டாயம் வேண்டும்.

நாக்கில் சிறு காந்தம் வைத்து, கன்னத்தருகே உள்ள சென்சார்களால் அதன் இடத்தை அறிவது இன்னொரு வழி. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் உருவான 'டங் டிரைவ்' இந்த வகை. தொலைவு இரட்டித்தால் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். சென்சாரை எட்டுவது அவ்வளவு மெல்லிய புலம் என்பதால், இந்தக் கருவியால் ஓட்டும் சக்கர நாற்காலி திரும்பும்போது பூமியின் காந்தப்புலமே கட்டளைபோலத் தெரியும். வாயிலிருந்து தள்ளி இன்னொரு சென்சார் வைத்து அதைக் கழிக்க வேண்டும். ஹெட்செட் சில மில்லிமீட்டர் நழுவினாலும் கணக்கு தப்பும். எனவே மாட்டும் ஒவ்வொரு முறையும் அளவைத் திருத்துவது அவசியம். இதைச் செய்யப்போவது பராமரிப்பவர். அவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தால் கருவி அலமாரிக்குத்தான் போகும்.

சிக்னல் அறுந்தால் நாற்காலி தானாகவே நின்றாக வேண்டும். கடைசிக் கட்டளையைத் தொடரவே கூடாது. பட்டன் வடிவச் சிறு பேட்டரியை வாய்க்குள் வைக்காதீர்கள். அது கழன்று உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். பசையால் ஒட்டிய காந்தம் சிறிது நேரச் சோதனைக்கு மட்டும்தான். காந்தத்தோடு யாரையும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுப்பக் கூடாது. நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டாலும் மருத்துவர் கண்ணில் படும்படி, நாக்கில் காந்தம் இருப்பதைக் கைப்பட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மறுவாழ்வுக் கருவி வடிவமைப்பாளர்கள்