எங்களால் போக முடியாது என்பதை விலை பேசாதீர்கள்

கால்பந்து கிளப்களின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய அன்று, ஆட்டம் முடிந்தும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். கழுத்திலிருந்த மஃப்ளரை உருவி மடியில் போட்டு, நீவி நீவி நாலாக மடித்தார். நூல் பிரிந்த ஓரத்தை உள்ளே செருகினார். கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டார்: "தம்பி, அடுத்த சீசன் டிக்கெட் எப்ப குடுப்பாங்க?"

அந்தக் கேள்வியை நீங்கள் நிச்சய வருமானம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உங்களோடு வழக்கு.

சரக்கு சரியில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். அணியை அப்படி மாற்ற முடியுமா? 1998-99இல் மான்செஸ்டர் சிட்டி இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் அடுக்கில் கிடந்தபோதுகூட, சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 28,000 பேர் வந்தார்கள். கோப்பை வரும் என்று வந்த கூட்டமா அது?

இந்தப் பிடிப்பை நம்பித்தான் நீங்கள் கை வைக்கிறீர்கள். கார்டிஃப் சிட்டியின் நீல ஜெர்சியை 2012இல் சிவப்பாக்கினார்கள். நீலம் திரும்ப 2015 ஆனது. லண்டனின் விம்பிள்டன் கால்பந்து கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் அதே கோடையில் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். அடிமட்ட லீக்கில் ஆரம்பித்து, 2020இல் பழைய கிளப்பின் இடமான ப்ளவ் லேனுக்கே திரும்பி வந்தார்கள்.

லிவர்பூலில் நடந்தது எனக்கு இன்னும் பெரிது. சில இருக்கைகளுக்கு 77 பவுண்ட் என்று அறிவித்திருந்தார்கள். 2016 பிப்ரவரி 6, சண்டர்லேண்டோடு ஆட்டம். 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது அணி 2-0 என்று முன்னிலை! ஜெயிக்கிற ஆட்டத்துக்கு முதுகு காட்டுவது எவ்வளவு வலி என்று ரசிகனைக் கேளுங்கள். ஆட்டம் 2-2 என முடிந்தது. நான்கே நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையைக் கைவிட்டார்கள். எழுந்து போனவர்களில் யாரும் அணியை விட்டுப் போகவில்லை. அதைக் காப்பாற்றத்தான் போனார்கள்.

பெர்லினின் யூனியன் கிளப்புக்கு மைதானத்தைச் சீரமைக்கப் பணம் போதவில்லை. 2008-09இல் 2,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலி வாங்காமல் உழைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மைதானத்தின் படிகளில் நின்று ஆட்டம் பார்ப்பவரை 'வாடிக்கையாளர்' என்று கூப்பிட யாருக்கு நா எழும்?

நாங்கள் கேட்பது பெரிதல்ல. கிளப்பின் பெயர், நிறம், மைதானம் மூன்றையும் ரசிகர்களின் வாக்கெடுப்பு இல்லாமல் தொடமாட்டோம் என்று கிளப்பின் விதிகளிலேயே எழுதுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்கள் கையில்தான் இருக்கிறது. அங்கே ஆட்டம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

சீசன் டிக்கெட் விற்பனை தொடங்குமுன் பதில் எழுதுங்கள். அந்தப் பெரியவர் இப்போதும் என் பக்கத்து இருக்கையில்தான் உட்காருகிறார். படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்