கல்லறைத் தோட்டத்து மதில்

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்தோத்திரம். மகள் வீட்டிலிருந்து நீர் எழுதிய கடிதம் போன வாரம் கிடைத்தது. பிலடெல்பியாவில் கறுப்பின மக்களின் மதர் பெத்தேல் ஆலயத்தில் ஆராதனைக்குப் போய், பாட்டு முடியும்வரை கண்ணீரோடு நின்றதாக எழுதியிருந்தீர். அந்தச் சபை பிறந்த வரலாற்றை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே ஊரின் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் கறுப்பினத்தவரான அப்சலோம் ஜோன்ஸ் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தபோது, இந்த இடம் உனக்கல்ல என்று அவரைப் பிடித்துத் தூக்கினார்கள். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று அவர் கேட்டதற்கும் செவிகொடுக்கவில்லை. அவரும் ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் ஒருமிக்க எழுந்து வெளியேறினார்கள். அந்த வழியில்தான் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உருவாயிற்று. சபையைப் பிளந்த பாவம் வெளியே போனவர்களுடையது அல்ல, ஜெபத்திலிருந்தவரைத் தூக்கியவர்களுடையது என்றே நான் சொல்வேன்.

ஆனால், அங்குள்ள நிறபேதத்தைப் பார்த்தால் நம் ஊர் எவ்வளவோ மேல் என்று நீர் எழுதியதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நம் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக ஆலயத்தையே இரண்டாகக் கட்டி நடுவில் சுவரும் எழுப்பியிருந்ததையும், அது இடிக்கப்பட்டபின் திரும்பக் கட்டித்தர வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் வழக்கில் தோற்றதையும் நீர் அறியாதவர் அல்ல. 1959இல் இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங்கைத் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்தினாராம். முதலில் மனம் புண்பட்டாலும், யோசித்துப் பார்த்தபோது அது உண்மையே என்று உணர்ந்ததாக 1965 ஜூலை 4ஆம் தேதிப் பிரசங்கத்தில் அவரே சொன்னார். அவர் கண்டுகொண்ட உறவை நாம் காண மறுக்கிறோம்.

ஞானஸ்நானத்தோடு சாதி போய்விட்டது என்பதுபோல, 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியாரில் சேர்க்கவில்லை. போகவில்லை என்பதற்கு நம் கிராமத்துக் கல்லறைத் தோட்டமே சாட்சி. முப்பது வருஷம் கோயிலைப் பெருக்கி, ஆராதனைக்குப் பாய் விரித்த பாட்டியம்மாள் போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பந்தியில் நம்மோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். அடக்கத்தன்று பெட்டியை வாசல் வழியே கொண்டுபோகாமல், வாய்க்கால் கரையைச் சுற்றி, முழங்கால் மட்டும் சேற்றில் அவருடைய பேரன்மார் சுமந்துபோய் மதிலுக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். இடுப்பளவு மதில்தான், இந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் பார்த்தேன். ஜெபம் சொன்னவர், கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றே என்று சொல்லும் கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவில் பன்னிரண்டு வருஷம் இருந்தும் அந்த மதிலைப்பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது மதிலை எடுத்துவிட வேண்டுமென்று மனு எழுதியிருக்கிறேன். இதுவரை ஒன்பது குடும்பத்தார் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். உம் தகப்பனாரின் கல்லறை மதிலை ஒட்டியே இருப்பதால், இடிக்கும்போது அதன் மேற்கு ஓரம் சேதப்படலாம். கொத்தனாரை வைத்து நானே சரிசெய்து தருகிறேன். உம்முடைய சம்மதத்தைக் கையெழுத்தோடு இந்த மாதத்துக்குள் அனுப்பி வையும்.

என்றும் உமது அன்பு நண்பன்