பட்டியலில் பெயர் வந்த பிறகு முழங்காலுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் ஹாக்கிச் செய்தி எந்த மூலையில் வந்தாலும் தேடிப் படிக்கிறவள் நான். 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்து, இந்திய அணிக் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சத்துக்கு எடுத்தார்கள் என்று வந்தபோது எங்கள் தெருவில் அதுதான் பேச்சு. ஆரம்ப விலையே குறைந்தது 2 லட்சம், அணிக்கு நான்கு ஜூனியர் பையன்களாவது இருக்க வேண்டும் என்று விதி. கோவில்பட்டியில் ஸ்டிக்கும் கையுமாகத் திரிகிற பையன் இருக்கிற வீடுகளில் அன்றைக்கு ராத்திரி ஒரு கணக்கு ஓடியிருக்கும். ஓடட்டும். 2022 ஆசியக் கோப்பையில் ஆடி வெண்கலத்தோடு வந்த மாரீஸ்வரன் இந்த ஊர்ப் பையன்தானே.

நான் எழுத வந்தது, எடுக்கப்பட்டும் ஆடாமல் போன ஒருவனைப் பற்றி. என் தம்பி.

பதினேழு வருஷம் ஆகிறது. மாநில ஜூனியர் அணிக்கு 18 பேர் கொண்ட பட்டியலில் அவன் பெயர் வந்தது. நான் அப்போது தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். அவன் போட்ட முதல் ஷூ என் போனஸில் வாங்கியது. காலையில் கதிரேசன் கோயில் மலையில் ஏறி இறங்கிவிட்டு வருவான். ஆறு இட்லி உள்ளே போன பிறகுதான் பேச்சு வரும். "திருநெல்வேலி ஜில்லாவிலேயே எம்மவன்தான்" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். ஜில்லாவைப் பிரித்து எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனது 1986இல். அம்மாவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

போட்டிக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது பயிற்சி முகாமில் இடது முழங்காலில் அடிபட்டது. யாரும் இடிக்கவில்லை. பந்தை இழுத்துக்கொண்டு சடாரென்று திரும்பியிருக்கிறான். எங்கள் ஊர் மண்ணில் திரும்பினால் கால் கொஞ்சம் வழுக்கிக் கூடவே வரும். டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரையில் ஷூ அப்படியே பிடித்துக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம். ஸ்டிக் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கையைத்தான் முதலில் பார்த்தானாம்.

ஐஸ் வைத்து, பட்டி சுற்றி, இரண்டாம் நாள் ரயில் ஏற்றிவிட்டார்கள். அவன் இடத்துக்கு வேறு பையன் வந்துவிட்டான். அது சரி, அணி என்றால் அப்படித்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

வீட்டில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். சுளுக்கு வழிக்கிறவரிடம் போனோம். உளுத்தமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பத்துப் போட்டோம். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, நடந்தான், மலையும் ஏறினான். எங்களை ஏமாற்றியது அந்த மூன்று வாரம்தான். முழங்காலுக்குள் கிழிந்த ஜவ்வு தானாக ஒட்டாது. வீக்கம் மட்டும் வடிந்து, ஆள் நன்றாக நடப்பான். இது எங்களுக்கு யார் சொன்னார்கள்? இரண்டு மாதம் கழித்து ஒரு உள்ளூர் ஆட்டத்தில் கால் தானாக மடங்கியது. இந்த முறை உள்ளே இருக்கிற குருத்தெலும்பும் சேர்ந்து கிழிந்தது.

ஸ்கேன் எடுத்த டாக்டர், தொடையின் பின்பக்கத்துத் தசைநார் ஒன்றை எடுத்து ஜவ்வாக வைத்துக் கட்டலாம், திரும்ப ஆட ஒன்பது மாதமாவது ஆகும் என்றார். செலவையும் சொன்னார். அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இருந்த பணம் அதற்குப் போனது. தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்புறம் வேலைக்கு எழுதிப் போட்டான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு இப்போது 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அன்றைக்கும் ஏதோ கொஞ்சம் இருந்தது. போன இடத்தில், போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆள் களத்தில் இறங்கவில்லை, ஆகவே சான்றிதழ் இல்லை. கவுன்டரில் இருந்தவர் பாவம், நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

இதைச் சொன்னால் சிலர் ஹாக்கி வீரர் சந்தீப் சிங்கை இழுப்பார்கள். 2006இல் ரயிலில் தவறுதலாகக் குண்டு பாய்ந்து, படுக்கையில் கிடந்து எழுந்து, 2009இல் இந்திய அணிக்கே கேப்டன் ஆகவில்லையா என்று. ஆனார், பெரிய விஷயம்தான். ஆனால் அவர் குண்டு படும்போதே நாடு அறிந்த ஆட்டக்காரர். என் தம்பிக்கு நான்கு நாள் பாக்கி இருந்தது.

இன்றைக்குக் கோவில்பட்டியிலேயே டர்ஃப் இருக்கிறது. காலையில் மண்ணிலும் சாயங்காலம் டர்ஃபிலும் ஆடுகிற பையன்களைப் பார்க்கும்போது என் கண் முழங்காலுக்குத்தான் போகிறது. போட்டிக்குப் போகவும் ஸ்டிக் வாங்கவும் உதவ தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வந்திருக்கிறது, நல்ல காரியம். அதோடு இதையும் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்: மாவட்டமோ மாநிலமோ, ஒரு பையன் பெயரைப் பட்டியலில் போட்ட நாளிலிருந்து அவன் காலும் போட்டவர்கள் பொறுப்பு. முகாமில் விழுந்தால் ஒரு வாரத்துக்குள் ஸ்கேன், வேண்டியிருந்தால் ஆபரேஷன், அதற்குப் பிறகு பயிற்சி, எல்லாம் அவர்கள் செலவில். முகாமில் அடிபட்டவனுக்கு அப்படி எழுதியே ஒரு சான்றிதழ் கொடுக்கட்டும்.

தம்பி இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான், பெரும்பாலும் கடலைமிட்டாய் பெட்டி. கிளட்ச் மிதிக்கிறது அந்த இடது கால்தான். டிராஃபிக்கில் அடிக்கடி மிதித்தால் ராத்திரி வெந்நீர் ஒத்தடம். அந்த ஸ்டிக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அம்மா அதன் வளைவில் கொப்பை மாட்டி இழுத்து முருங்கைக்காய் பறிக்கிறாள்.

அந்தப் பட்டியல் தங்கள் நாளிதழிலும் வந்தது. கத்தரித்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதில் அவன் இனிஷியல் தப்பாக இருந்தது. திருத்தம் போடச் சொல்லி அன்றைக்கே எழுத நினைத்தேன், எழுதவில்லை. இப்போது அது வேண்டாம். இந்தக் கடிதத்திலும் பெயர் போட வேண்டாம். நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
கோவில்பட்டி