மூன்று பல்புகள் அணையும் நொடி

அன்புள்ள சேகர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடு.

மெஷின்ஸ் லேபில் ஜெனரேட்டரை மெயின் சப்ளையோடு ஒரே தாளத்தில் இணைத்து சின்க்ரனைஸ் செய்வோமே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று பல்புகளும் மெல்ல எரிந்து மெல்ல மங்கும். ஒருசேர அணையும் நொடியில் நீ சுவிட்சைப் போடுவாய். உள்ளே சுழலும் ரோட்டார் ஒரு உறுமல் உறுமிவிட்டுத் தாளத்துக்கு வந்துவிடும்.

அந்தக் கனத்த இரும்புதான் இத்தனை காலம் நம் மின்சாரத்தின் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸில் காத்தது. எங்கோ ஒரு மின் நிலையம் திடீரென்று விழுந்தால், யாரும் சொல்லாமலே சுழற்சியில் இருக்கும் ஆற்றல், எல்லா நிலையங்களையும் இணைக்கும் கிரிட்டுக்குள் பாயும். கணக்குப் போட்டுப் பார்: நிலைம மாறிலி, அதாவது சுழற்சியில் இருக்கும் ஆற்றல் மட்டும் முழுத் திறனைத் தரக்கூடிய நேரம், 5 நொடி என்றால், பத்து சதவீத உற்பத்தி போனதும் அலைவெண் நொடிக்கு அரை ஹெர்ட்ஸ் வேகத்தில் சரியத் தொடங்கும். மாறிலி 2 ஆனால் அது ஒன்றேகால் ஹெர்ட்ஸ். வேகத்தைத் திருத்தும் கவர்னர் விழித்துக்கொள்ளவே நேரம் இருக்காது. சோலாரில் சுழல்வது எதுவும் இல்லை. இன்றைய காற்றாலையில் சுழல்கிறது, ஆனால் பெரும்பாலும் நடுவில் நிற்கும் கன்வெர்ட்டர் அதை கிரிட்டிடமிருந்து மறைத்துவிடுகிறது.

இதற்காக சோலாரைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோலாரின் நேர் மின்சாரத்தை மாறு மின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதுவது நாம்தான். ஜெர்மனியில் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் சோலார் இன்வெர்ட்டர்கள் விலகிவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி வைத்தார்கள். அத்தனையும் ஒரே நொடியில் விலகினால் என்ன ஆகும் என்று பின்னால்தான் உறைத்தது. 2012க்குப் பிறகு லட்சக்கணக்கான இடங்களில் போய் மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் லேபில் மெயின் சப்ளையைத் துண்டித்துப் பார்த்தோம். கிரிட்டின் அலையைக் கேட்டு ஒத்து ஊதும் சாதாரண இன்வெர்ட்டர் உடனே விழுந்தது. அடுத்து, தானே அலையை உருவாக்கும் கிரிட் ஃபார்மிங் வகை, பேட்டரியோடு. சுவிட்சைத் திறந்து சப்ளையைத் துண்டித்தேன். ஸ்கோப்பில் அலை ஒரு சிறு சுளிப்பு சுளித்தது, அவ்வளவுதான். சுமை பத்து சதவீதம் ஏறியிருந்தது, ட்ரூப், அதாவது முழுச் சுமைக்கு அலைவெண் இறங்கும் அளவு, 4 சதவீதம். 49.8இல் போய் அசையாமல் நின்றது. பழைய ரோட்டாரைப் பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஷார்ட் சர்க்யூட் வந்தால் ஜெனரேட்டர் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் தரும். இந்த இன்வெர்ட்டர் 1.2 மடங்கைத் தாண்டினாலே தன்னைக் காத்துக்கொள்ளப் பின்வாங்குகிறது. மின்னோட்டம் எகிறுவதைப் பார்த்து லைனைத் துண்டிக்கச் சொல்லும் ரிலே இனி எதைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும்? நீ ரிலேயோடு வாழ்ந்தவன். கண் தெளிந்ததும் யோசித்து எழுது. அடுத்த மாதம் அந்தச் சோதனையைத்தான் செய்யப் போகிறோம்.

அன்புடன்,
ரகு