தையல் ஆற சாளையும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டின் கடைசி வரியில் 'புரோட்டீன் பவுடர்' என்று இருந்தது. எவ்வளவு, எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். மீன் தின்றால் தையல் பழுக்குமாம், முட்டை சூடாம். பத்து நாள் கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான். குளியலறைக்குப் போகக்கூட அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அப்புறம் ஓர் உணவியல் நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். காயம் ஆறும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நாளுக்கு 66 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்; 100 கிராம் சாளை (மத்தி) மீனில் சுமார் 20 கிராம். பயறு, கடலை, தயிர் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. பசியே எடுக்காதவர்களுக்குப் பவுடர் நல்ல துணைதான், குறை சொல்லவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எங்கள் பக்கத்தில் பலரும் வைத்தியத்துக்கு எல்லை தாண்டித்தான் போகிறோம். மருத்துவமனைக்காரர்களே, வீட்டுக்கு அனுப்பும் நாளில், என்ன சாப்பிடலாம், எவ்வளவு என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.

- வாசகர், களியக்காவிளை