செயலாளரின் ஆண்டறிக்கை

பழைய போர்க்கால பைனாகுலர், தொலைநோக்கி, திசைகாட்டி சேகரிக்கும் நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல பாளையங்கோட்டையில் நடந்தன. ஆனி மாதம் மட்டும் கூடவில்லை; நெல்லையப்பர் தேரோட்டத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்? வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே கருவிகளுக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு வந்தவற்றில் முக்கியமானது, டவுனில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய 7×50 (ஏழு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) பைனாகுலர். பர்மா போர்முனைக்குப் போய்வந்த தாத்தாவுடையதாம். வீட்டில் அதற்கு 'ஜெர்மன் கண்ணாடி' என்றே பெயர். கூட்டத்தில் ஈரத்துணியால் ஒத்தி எடுத்துப் பார்த்தால், 'ஆர்.இ.எல். கனடா, 1944'. பக்கத்திலேயே 'சி' என்ற ஆங்கில எழுத்துக்குள் ஓர் அம்பு. அது கனடா ராணுவத்தின் முத்திரை.

கனடா ஏன் பைனாகுலர் செய்தது என்றால், கதை முந்தைய போரில் தொடங்குகிறது. 1914-ல் போர் மூண்டபோது பிரிட்டன் ஒளியியல் கண்ணாடிக்கு, அதாவது லென்ஸ் செய்யும் கண்ணாடிக்கு, பெரிதும் நம்பியிருந்தது எதிரி நாடான ஜெர்மனியின் ஜெனா நகரத்தைத்தான். வரத்து நின்றுபோனது. பிரிட்டிஷ் படைத்தளபதியாக இருந்த லார்ட் ராபர்ட்ஸ் பொதுமக்களிடம் அவரவர் வீட்டு பைனாகுலர்களை ராணுவத்துக்குக் கேட்க வேண்டிவந்தது. அடுத்த போரில், 1940-ல், கனடா அரசு டொராண்டோ பக்கம் லீசைடில் ரிசர்ச் என்டர்பிரைசஸ் லிமிடெட் என்று சொந்தமாகவே ஒரு நிறுவனம் தொடங்கியது. அங்கே கண்ணாடியையும் உருக்கினார்கள். நம் பைனாகுலரில் இருந்த 'ஆர்.இ.எல்.' இந்த நிறுவனத்தின் பெயர்தான். ஜெர்மானியர்களோ எந்த ஆலையின் சரக்கு என்று எதிரிக்குத் தெரியாமலிருக்கப் பெயருக்குப் பதில் குறியீடு பொறித்தார்கள். 'பி.எல்.சி.' என்றால் ஜெனாவின் கார்ல் ஸைஸ், 'பி.இ.எச்.' என்றால் லைட்ஸ்; இரண்டுமே லென்ஸ் கருவி செய்யும் நிறுவனங்கள்.

சரி, அந்த பைனாகுலருக்குள் பூஞ்சணம் படர்ந்திருந்தது. சுத்தம் செய்கிறேன் என்று பிரித்தது நான்தான். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டிகளான பிரிசங்களில் எது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளாமல் கழற்றிவிட்டேன். திரும்பப் பூட்டி மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் நெல்லையப்பர் கோவிலில் ஒரு கோபுரத்துக்கு இரண்டு கோபுரம் தெரிகிறது! இன்னும் சரியாகவில்லை. வீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

அடுத்து, நம் அண்ணாச்சி ஒருவர் வாங்கிய முதல் உலகப்போர் ஸ்கவுட் தொலைநோக்கி, அதாவது வேவு பார்க்கும் வீரர்களுடையது. பித்தளைக் குழாயைப் புளி போட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று விளக்கிக் கொண்டுவந்தார். வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றுதான் அதைக் கறுப்பேற்றியே படைக்கு அனுப்பினார்கள். அந்தக் கறுப்பும் போய், பொறித்திருந்த எழுத்தும் பாதி தேய்ந்துவிட்டது. இப்போது அது யார் செய்தது என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

இன்னொருவர் 'லண்டன் 1915' என்று பொறித்த ஒன்றைக் கொண்டுவந்தார். திருகுகள் எல்லாம் பிளஸ் தலை. அந்தத் திருகு சந்தைக்கு வந்ததே 1930-களில். விலையை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பழைய திசைகாட்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: இருட்டில் தெரிய முகப்பில் பூசியது ரேடியமாக இருக்கும். ஒளி மங்கிப்போனாலும் கதிர்வீச்சு போகவில்லை. மூடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் கருவியை அழுக்கோடேயே கொண்டுவாருங்கள். அப்புறம், பிரிசம் பூட்டத் தெரிந்த ஆள் யாருக்காவது தெரிந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்